ஒன்றிலும் ஏழிலும் முடிபவை

தண்ணீர் மீட்டர்களைச் சோதிக்கும் அறையில் வேலையைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். பத்து மீட்டர்களை வரிசையாகக் குழாயில் பூட்டி, வால்வைக் கால்வாசி திறந்து, தண்ணீரை மெல்ல ஓடவிட வேண்டும். ஓடிய தண்ணீர் மறுகோடியில் இருக்கும் ஆளுயர இரும்புத் தொட்டியில் போய்ச் சேரும். தொட்டியின் அளவுக் கண்ணாடி ஒன்று சொல்லும், மீட்டரின் முள் ஒன்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் மீட்டர் யோக்கியன், இல்லையென்றால் பொய்யன். இதைத் தீர்மானிக்க அரைமணி நேரமாவது ஆகும். அந்த அரைமணியில் தண்ணீரை அவசரப்படுத்தவும் முடியாது, அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகவும் முடியாது. ஈரத் தரையில் ஸ்டூலைப் போட்டு, ரப்பர் பூட்ஸோடு உட்கார்ந்து, முட்கள் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த அறையில் அப்போது இரண்டே பேர். யோக்கியமான மீட்டருக்குக் கம்பி கோத்து ஈய முத்திரை குத்துவது அவள் வேலை. அதனால் அலுவலகம் முழுக்க அவளை முத்திரை என்றே கூப்பிட்டது. வால்வைத் திறந்து மூடுகிறவருக்கு வால்வு என்று பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அவள் மட்டும் மரியாதையாக வால்வு சார் என்பாள். அவர் பதிலுக்கு முத்திரை மேடம் என்பார். இருவருக்கும் முப்பது தாண்டியிருந்தது, இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, இருவருமே வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிற ரகம்.

எண் தொட்டியில் இருந்தது. தொட்டியைச் செய்தவர்கள் பித்தளைத் தகட்டில் பொறித்து அனுப்பிய வரிசை எண்: 506254433. ஐம்பது கோடியே அறுபத்திரண்டு லட்சத்து ஐம்பத்து நான்காயிரத்து நானூற்று முப்பத்து மூன்று. இத்தனை தொட்டியையுமா உலகத்தில் செய்து தள்ளியிருப்பார்கள் என்று ஒருநாள் அவள் கேட்டாள். அவர் பதிலுக்கு, இது மூன்றால் வகுபடுமா என்று கேட்டார். அவள் இலக்கங்களைக் கூட்டினாள். முப்பத்திரண்டு. வகுபடாது. ஐந்தில் முடியாததால் ஐந்தும் இல்லை. ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று சாக்பீஸால் தொட்டியின் வெளிச்சுவரிலேயே வகுத்துப் பார்த்தார்கள். எதற்கும் அது மசியவில்லை.

“பாத்தா ஒண்டிக்கட்டை மாதிரி தெரியுது,” என்றார்.

“உங்கள மாதிரியா?” என்று கேட்டுவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் பகா எண் என்று சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் ஒண்டிக்கட்டை என்றார். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். இது அப்படிப்பட்டதுதானா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, சின்னப் பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போவது. எதுவரை? இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறை அதாலேயே பெருக்கினால் ஏறக்குறைய இந்த எண்ணைத் தொட்டுவிடும். ஆகவே எண் இரண்டாக உடைந்தால், அதில் சிறியது இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்ட வழியில்லை. அதுவரை ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு பகா எண்கள் இருக்கின்றன. நடுவில் ஏதாவது ஒன்றால் மீதியில்லாமல் வகுபட்டுவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும், ஆட்டமும் அங்கேயே முடிந்துவிடும். கடைசிவரை வகுபடாவிட்டால் ஒண்டிக்கட்டை.

இரண்டாயிரத்து ஐந்நூறு தடவை வகுப்பது என்றால் சும்மாவா. அவர் பங்கு பிரிக்கலாம் என்றார். ஐந்துக்கு மேல் எந்தப் பகா எண்ணும் ஒன்று, மூன்று, ஏழு, ஒன்பது ஆகிய நான்கில் ஒன்றில்தான் முடியும். ஒன்றிலும் ஏழிலும் முடிபவை அவளுக்கு. மூன்றிலும் ஒன்பதிலும் முடிபவை அவருக்கு. ஒருவர் பங்கில் மற்றவர் கை வைக்கக் கூடாது, கணக்கு சரியா என்று எட்டிப் பார்க்கவும் கூடாது, சொன்னதை நம்ப வேண்டும். நாள் முழுக்க மீட்டர்களைச் சந்தேகப்பட்டே பிழைக்கிற இருவர் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சட்டம் இது. இதில் இருந்த கோளாறு அப்போது இருவருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அரைமணி நேரங்கள் எப்படிப் போயின என்றே தெரியவில்லை. தொட்டியின் இடப்பக்கம் அவள், வலப்பக்கம் அவர். சாக்பீஸ் கிறீச்சிடும் சத்தம், குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். ஒவ்வொன்று முடிந்ததும் மீதி என்ன என்று சொல்ல வேண்டும். அவர் மீதி பன்னிரண்டு என்பார், இவள் மீதி முப்பது என்பாள். சொல்லிவிட்டு ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள். நடுவில் அவர் குழாயைத் தட்டிப் பார்ப்பார். வால்வை மூடினால் தொட்டியை விரல் மடக்கி மூன்று தட்டுத் தட்டுவார், அவள் அளவைப் படிக்கலாம் என்று அர்த்தம். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அந்த மூன்று தட்டைக் கேட்டாலே முகம் மலர்ந்துவிடும் அளவுக்குப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்.

முதல் வாரமே அது நடந்துவிட்டது. பதினேழு, முப்பத்தொன்று, முப்பத்தேழு, நாற்பத்தொன்று, நாற்பத்தேழு என்று வரிசையாக வந்தவள், அறுபத்தொன்றால் வகுத்தாள். கடைசி மூன்றை இறக்கி வகுத்ததும் கீழே பூஜ்யம் நின்றது. எண்பத்திரண்டு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து இருநூற்று ஐம்பத்து மூன்று தடவை, மீதி ஒன்றுமில்லை. அழித்துவிட்டு மறுபடி வகுத்தாள். மறுபடியும் பூஜ்யம்தான்.

ஆக எண் ஒண்டிக்கட்டை இல்லை. சொல்லிவிட்டால் ஆட்டம் முடிந்தது. நாளையிலிருந்து அவர் தன் ஸ்டூலில், அவள் தன் ஸ்டூலில், பேச ஒரு விஷயம் இல்லாமல் முட்களைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். வலப்பக்கத்திலிருந்து அவர் மீதி என்ன என்று கேட்டார்.

“இருபத்திரண்டு,” என்றாள் அவள்.

பொய் சொன்ன மீட்டர்களைக் கழற்றி மூலையில் வீசுவதுதான் அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை. அன்று மதியம் அவள் குத்திய முத்திரைகளில் இரண்டு கோணலாகப் போயின.

அந்த ஒரு பொய்யின் தயவில் ஏறத்தாழ இரண்டு வருஷம் ஓடியது. அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்த காலம் அதுதான். தினமும் காலையில் தலை வாரும்போது இன்று என்ன எண் என்று யோசித்துக்கொண்டே வாருவாள். என்றாவது ஒருநாள் அவர் எண்ணை விட்டுவிட்டு வேறு ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அவரும் இரண்டொரு தடவை தொண்டையைக் கனைத்தார். கனைத்துவிட்டு மீதி எட்டு என்றார்.

பிறகு அவருடைய அண்ணன் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் விழுந்தார். ஒரு பகலும் ஒரு இரவும் ரயிலில் போக வேண்டிய ஊர். அண்ணனுக்கு ஒரு சைக்கிள் கடை, விவரம் தெரியாத மூன்று பிள்ளைகள், கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் அண்ணி. போகாமல் இருக்க முடியுமா? வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார். கடைசி நாள் வால்வை மூடிவிட்டு, வழக்கம்போல் மூன்று தட்டுத் தட்டிவிட்டு, தொட்டியைப் பார்த்தபடியே பேசினார்.

“என் பங்கு இன்னும் பாக்கி இருக்கு மேடம். முடிச்சிட்டு, நேர்ல வந்து சொல்றேன்.”

அவள் தொண்டை வரைக்கும் அறுபத்தொன்று வந்தது. சொல்லியிருந்தால் அவருக்குப் பாக்கி என்று ஒன்று இருக்காது. பாக்கி இல்லாத ஆள் எதற்காகத் திரும்பி வருவார்? அவள் அதை விழுங்கிவிட்டு, தானும் தன் பங்கைப் போட்டு வைப்பதாகச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

வருஷத்தில் ஒருநாள் தொட்டியை வடியவிட்டு உள்ளே இறங்கிக் கழுவுவார்கள். அன்று சோதனை கிடையாது. அவருக்கு அது தெரியும். ஒவ்வொரு வருஷமும் தொட்டி கழுவும் நாளில், சுவரில் மாட்டியிருந்த அலுவலகத் தொலைபேசிக்கு அவர் அழைப்பு வரும். முதல் வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம் வந்திருப்பதாகச் சொன்னார். கடை வேலை முடிந்த பிறகுதான் உட்கார முடிகிறதாம், ஒன்றும் வகுபடவில்லையாம். அவளும் தனக்கும் வகுபடவில்லை என்றாள். பிறகு சாப்பிட்டாச்சா என்று அவர் கேட்பார், ஆச்சு என்பாள். பின்னால் யாரோ சைக்கிள் மணியை அடித்துப் பார்க்கும் சத்தம் கேட்கும். அண்ணன் எப்படி இருக்கிறார் என்பாள், அப்படியேதான் என்பார். அவ்வளவுதான். அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் மிச்ச வருஷத்தைத் தள்ளுவாள்.

வேடிக்கை என்னவென்றால் அவள் நிஜமாகவே வகுத்தாள். விடை தெரிந்த பிறகும், ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, ஒரு பழைய சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு போடுவாள். மூவாயிரத்துப் பதினொன்று. மூவாயிரத்து முப்பத்தேழு. ஒன்றிலும் ஏழிலும் முடிபவை. அது வகுபட்டால் என்ன, வகுபடாவிட்டால் என்ன. சிலேட்டு மடியில் இருக்கும்வரை வலப்பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அதற்காகவே போட்டாள்.

அவளோடு இருந்த தங்கச்சிக்கு இது ஒன்றும் பிடிபடவில்லை. வந்த வரன்களையெல்லாம் அக்கா தட்டிக்கழித்ததும், வருஷா வருஷம் தொட்டி கழுவும் நாளில் புதுச் சட்டை தைத்துக்கொள்ளாத குறையாகக் கிளம்பிப் போவதும் அவளுக்கு எரிச்சல். “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்த நம்பர்தான்க்கா குடும்பம் நடத்துது,” என்பாள். ஒருநாள் புதுப் போனைக் கொண்டுவந்து, எண்ணைச் சொல், போட்டால் ஒரு நொடியில் எல்லாவற்றையும் பிட்டுப் பிட்டு வைத்துவிடும் என்றாள். அக்கா போனைப் பிடுங்கி பீரோ மேல் வைத்துவிட்டாள். அறுபத்தொன்று அந்தக் கண்ணாடியில் பளிச்சென்று வந்து நிற்கும் என்ற பயம் ஒரு பக்கம். அவர் பங்கில் கை வைப்பதாகிவிடும் என்பது இன்னொரு பக்கம். சொன்னால் சொன்னதுதான், நம்ப வேண்டும்.

வருஷங்கள் போகப்போக ஆசையோடு குற்றவுணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. அவர் ஏழாயிரம் தாண்டிவிட்டேன் என்றபோது சந்தோஷப்பட்டவளால், பதினாலாயிரம் என்றபோது சந்தோஷப்பட முடியவில்லை. பாவம், அந்த மனுஷன் நாளெல்லாம் கடையில் மாரடித்துவிட்டு, ராத்திரி கண்ணைக் கெடுத்துக்கொண்டு வகுத்துக்கொண்டிருக்கிறார். என்றோ முடிந்துபோன ஆட்டத்தை அங்கே தனியாக ஆடிக்கொண்டிருக்கிறார். ஆடவைத்தது யார்? இவள்தான். எத்தனையோ தடவை தொலைபேசியை எடுக்கும்போதே இன்று சொல்லிவிடுவது என்று நினைப்பாள். அவர் குரலைக் கேட்டதும் அடுத்த வருஷம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆகிவிடும்.

இந்த வருஷம் அழைப்பு முன்கூட்டியே வந்துவிட்டது. சாதாரண வேலை நாள், பத்து மீட்டரும் ஓடிக்கொண்டிருந்தன.

“முடிச்சிட்டேன் மேடம்,” என்றார். “தொட்டி கழுவுற அன்னிக்கு நேர்ல வர்றேன். சாயங்காலம் ரயில்ல திரும்பணும்.”

அவள் சரி என்றாள். வரமாட்டாரா என்று எத்தனை வருஷம் ஏங்கினாளோ, அவர் வருகிறார். வந்து என்ன கேட்பார் என்பதும் தெரியும். என் பங்கில் ஒன்றுமில்லை, உங்கள் பங்கில்? இல்லை என்று சொன்னால் அவர் ஒண்டிக்கட்டையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியோடு ரயிலேறிவிடுவார். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட அவருக்குக் காரணம் இருக்காது. இருக்கிறது என்று சொன்னால், எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் முகத்தில் முழிக்க முடியுமா? எப்படிப் போனாலும் அவரை இழக்கப்போகிறாள். அப்படியென்றால் அவராவது சந்தோஷமாகப் போகட்டும். இல்லை என்றே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, கண்ணாடி முன் நின்று இல்லை, இல்லை என்று சொல்லிப் பழகிக்கொண்டாள்.

அந்த நாளில் அவள் தொட்டிக்குள் இறங்கி, கணுக்கால் அளவு மிச்சமிருந்த தண்ணீரில் நின்று சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே காலடிச் சத்தம். இரும்பை விரல் மடக்கி யாரோ மூன்று தட்டுத் தட்டினார்கள். உள்ளே அது கோயில் மணி போல முழங்கியது. பிரஷைக் கீழே விட்டுவிட்டாள்.

ஏணி வழியாக மேலே ஒரு தலை தெரிந்தது. முன்பக்கம் வழுக்கை, மிச்சமிருந்தது நரை, மூக்கின் மேல் சோடாபுட்டிக் கண்ணாடி. அவரேதான். செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு உள்ளே இறங்கி, நேற்றுத்தான் போய்விட்டு வந்தவர் போல இன்னொரு பிரஷை எடுத்து வலப்பக்கச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தார். அண்ணன் போன வருஷம் கண் மூடிவிட்டார் என்றும், பிள்ளைகள் மூன்றும் ஆளாகிவிட்டன, கடையைப் பெரியவன் பார்த்துக்கொள்கிறான் என்றும் சுவரைப் பார்த்தே சொன்னார். அவளும் சுவரைப் பார்த்தே கேட்டாள். கடைசித் தண்ணீரும் வடிந்தது. துணியால் துடைத்து, காய்ந்த தரையில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கேட்காமலே இருந்துவிடுவாரோ என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

“என் பங்குல ஒண்ணும் இல்ல மேடம்,” என்றார். “உங்க பங்குல?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தக் கண்ணாடி கண்ணில் பட்டது. எப்போது போட்டது என்று கேட்டாள். நாலைந்து வருஷம் ஆகிறது என்றார், கிட்டத்தில் பார்த்துப் பார்த்து வந்தது என்றார். தன்னால் ஒரு மனுஷனின் கண்ணே போய்விட்டது. பழகி வைத்திருந்த ‘இல்லை’ எங்கேயோ ஓடிவிட்டது.

“அறுபத்தொண்ணு,” என்றாள். “அறுபத்தொண்ணால வகுபடும்.”

“எப்போ பாத்தீங்க?”

“ஆரம்பிச்ச வாரமே பாத்துட்டேன். மீதி இருபத்திரண்டுன்னு சொன்னது பொய். சொன்னா நீங்க பேசறத நிறுத்திடுவீங்கன்னு பயந்தேன். ஊருக்குப் போனப்பவும் அதே பயம்தான், பாக்கி இல்லன்னா வர மாட்டீங்கன்னு.”

அவர் கொஞ்ச நேரம் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார், ஏணியில் ஏறினார், தொட்டிக்கு வெளியே இறங்கிவிட்டார். செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முடிந்தது. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரே வாக்கியத்தில் போட்டு உடைத்தாயிற்று. மேலே வட்டமாகத் தெரிந்த கூரையையே பார்த்தாள். அழுகை வந்தது, தொட்டிக்குள் சத்தம் பெரிதாகக் கேட்குமே என்று அடக்கிக்கொண்டாள்.

அவள் முதுகு சாய்ந்திருந்த இடத்தில், வெளிப்பக்கமிருந்து மூன்று தட்டு.

“எண்பத்து மூணு,” என்று இரும்புக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது. “அது என் பங்கு. நீங்க பாத்ததுக்கு அடுத்த வாரமே நான் பாத்துட்டேன்.”

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. எண்பத்து மூன்று மூன்றில் முடிகிறது. அவர் பட்டியலில் முதல் பத்துக்குள்ளேயே வந்துவிடும்.

“மீதி எழுபத்தொண்ணுன்னு சொன்னேன்,” என்றது குரல். “மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல. அதான் வெளிய வந்தேன்.”

மன்னிப்புக் கேட்கக் காத்திருந்தவளுக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. ஏணியில் ஏறி, தொட்டி விளிம்பில் தலையை நீட்டி, அப்படியென்றால் ஏழாயிரம், பதினாலாயிரம் என்று வருஷா வருஷம் அளந்ததெல்லாம் என்ன என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். எண்பத்து மூன்றுக்கு அப்புறம் தான் வகுக்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். இங்கே இருந்த இரண்டு வருஷமும் சும்மா சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்தாராம். ஊருக்குப் போன பிறகு, எண் ரொம்ப வேகமாகவும் ஏறக் கூடாது, நம்பவும் வேண்டும் என்று யோசித்து யோசித்துச் சொல்வாராம்.

“நான் நிஜமாவே போட்டேன்,” என்றாள் அவள். “இருபத்திரண்டாயிரத்தி ஐந்நூறு வரைக்கும் ஒண்ணு விடாம. இந்தக் கண்ணாடி?”

“ஸ்போக் கம்பி பாத்துப் பாத்து வந்தது.”

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. அப்புறம் ஏன் இந்த வருஷம் முடித்துவிட்டதாகச் சொன்னீர்கள் என்று கேட்டாள். அண்ணன் பிள்ளைகள் நிமிர்ந்துவிட்டார்கள், இப்போதுதான் தனக்கென்று ஒரு நாள் கிடைத்தது என்றார். முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார் அல்லவா, முடிக்காமல் எப்படி வருவது?

அவர் மறுபடி உள்ளே இறங்கினார். இந்தத் தடவை இருவரும் ஒரே பக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒரு கனம் வந்து இறங்கியது. இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லி, இரண்டு பேரும் ஒரே சட்டத்தைக் கட்டிக்காத்து, எட்டிப் பார்க்காமல் இருந்து, தலை நரைத்துவிட்டது. ஒரே ஒரு நாள் அவள் வலப்பக்கம் வந்து பார்த்திருந்தால் போதும். அவர் இடப்பக்கம் வந்திருந்தாலும் போதும். அவருடைய கை அவள் கைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. வயதாகிப்போன கை, நகக்கண்ணில் கிரீஸ் கறை. அந்தக் கை இளமையாக இருந்த காலமெல்லாம் தனக்குக் கிடைக்காமல் போய்விட்டதே என்று அவளுக்கு நெஞ்சு வலித்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தார். வரும்போதே கொண்டுவந்திருக்கிறார். காய்ந்த சுவரில் எண்ணை எழுதி, அறுபத்தொன்றால் அவள் வகுத்தாள். வந்ததை எண்பத்து மூன்றால் அவர் வகுத்தார். ஐம்பது கோடியில் ஆரம்பித்தது சுருங்கிச் சுருங்கி, கடைசியில் 99991 என்று நின்றது.

“இது ஒண்டிக்கட்டையா?” என்றார் அவர்.

அவள் யோசித்தாள். இதற்கு முந்நூற்றுப் பதினாறு வரை பார்த்தால் போதும். ஒன்றிலும் ஏழிலும் முடிபவை எல்லாவற்றாலும் அவள் பெரிய எண்ணை வகுத்துப் பார்த்தாயிற்று. அறுபத்தொன்றைத் தவிர எதுவும் போகவில்லை, ஆகவே இதற்குள்ளும் போகாது. அறுபத்தொன்றையும் எண்பத்து மூன்றையும் இன்னொரு தடவை இதற்குள் போட்டுப் பார்த்தார்கள். அவையும் போகவில்லை. மிச்சம் இருப்பது மூன்றிலும் ஒன்பதிலும் முடிபவை, அதிலும் எண்பத்தொன்பதிலிருந்து இருபது மட்டும். எல்லாம் அவர் போடாமல் விட்ட பங்கு.

“பாக்கி நிஜமாவே உங்களுக்குத்தான் இருக்கு,” என்றாள்.

அவர் எண்பத்தொன்பதால் வகுத்தார். மீதி நாற்பத்து நான்கு என்றார். அவள் தலையை நீட்டி, அவர் தோள் மேல் தாடை படும்படி எட்டி, ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள். நாற்பத்து நான்குதான். அடுத்தது நூற்று மூன்று. அவர் எழுதுவதற்குள் சாக்பீஸை வாங்கி அவளே வகுக்க ஆரம்பித்தாள். மூன்றில் முடிகிறதே, அது தன் பங்காயிற்றே என்றார் அவர்.

“பங்கு பிரிச்சு வாழ்ந்ததெல்லாம் போதும்,” என்றாள் அவள்.

மேலே காவலாளி வந்து எட்டிப் பார்த்து, கழுவி முடித்தாயிற்றா, தண்ணீர் திறக்கச் சொல்லலாமா என்று கேட்டான். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று அவள் குரல் கொடுத்தாள். அது தொட்டிக்குள் அதிகாரமாக முழங்கியது, அவன் போய்விட்டான். நூற்று மூன்றுக்கு மீதி எண்பத்தொன்று வந்தது. இருவரும் பார்த்து, சரி என்று தலையாட்டினார்கள். அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது, ஆனால் நிறைய இல்லை.

“இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க,” என்றாள் அவள், சுவரில் நூற்று ஒன்பது என்று எழுதிக்கொண்டே.

அவர் முகம் விழுந்துவிட்டது. “ஏன்?” என்றார்.

“பக்கத்துல இருக்கறவளுக்கு யாராவது போன் பண்ணுவாங்களா?”

அவர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். பிறகு அவள் கையிலிருந்த சாக்பீஸை இரண்டாக ஒடித்து, பாதியை எடுத்துக்கொண்டார்.